மரிவோனுக்கு வர வேண்டிய முத்திரை

மாட்டுக் கொம்புக்குள் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து வைக்க வேண்டும் என்று மரிவோன் சொன்னபோது அன்செல்ம் சிரிக்கவில்லை. "எந்த மாட்டோட கொம்பு?" என்று மட்டும் கேட்டான். கன்று போட்ட பசுவின் கொம்புதான் வேண்டும், காளைக் கொம்பு ஆகாது என்றாள். வேலை செய்த காலமெல்லாம் பால் லாரி ஓட்டி, அந்த வட்டாரத்துப் பசுக்களை அவற்றின் முதலாளிகளைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்த மனிதன் அவன். அடுத்த வாரமே ஒரு சாக்கு நிறையக் கொம்பு கொண்டுவந்து முற்றத்தில் போட்டான். பிறகு பக்கத்துத் தோட்டக்காரன் கயெத்தானின் டிராக்டர் கொட்டகைக்குப் போய், கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு வந்து சமையலைக் கவனித்தான்.

அந்த வீட்டில் இதுதான் ஏற்பாடு. பிரான்சில் லுவார் நதிக்கரைச் சரிவில் இருந்த திராட்சைத் தோட்டம் மரிவோனுடையது, அவள் அப்பா வழியில் வந்தது. அதில் எந்த முடிவானாலும் அவளுடையது. அன்செல்ம் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். சமையல், வேலி, கோழி, பழுதான பம்ப் எல்லாம் அவன் இலாகா. மனைவியின் முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டான், வெளியே போய்ச் சிரிப்பான். இதைவிடப் பெரிய மரியாதையை அந்த ஊரில் எந்தப் புருஷனும் எந்தப் பெண்டாட்டிக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மரிவோன் துரத்திக்கொண்டிருந்தது இரண்டு முத்திரைகளை. முதலாவது, பச்சை இலை போட்ட இயற்கை விவசாய முத்திரை. களைக்கொல்லி கூடாது, ரசாயன உரம் கூடாது, செடிக்குள் ஊடுருவும் மருந்து கூடவே கூடாது. மூன்று வருஷம் இப்படி ஒழுங்காக இருந்து காட்டிய பிறகு பறிக்கிற திராட்சைக்குத்தான் அந்த இலை கிடைக்கும். இரண்டாவது, அதற்கும் மேலே உள்ள பயோடைனமிக் முத்திரை. முதலாவது இல்லாமல் இரண்டாவதைப் பற்றிப் பேசவே முடியாது. அதற்குத்தான் இந்தக் கொம்பு, சாணம், நிலாவைப் பார்த்துப் போட்ட நாள்காட்டி, தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் வலமும் இடமுமாகச் சுழற்றும் கூத்து எல்லாம். இதை அன்செல்ம் கயெத்தானுக்குத் தன் பாணியில் விளக்கினான்.

"முதல் முத்திரை, நீ என்னவெல்லாம் போடலைன்னு சொல்லும். ரெண்டாவது முத்திரை, நீ என்ன போட்டே, எந்த நாள்ல போட்டே, எந்தப் பக்கமா கலக்கினேன்னு சொல்லும்."

"ஒயின் நல்லா இருக்கான்னு எது சொல்லும்?"

"அதுக்கு முத்திரை கிடையாதாம்டா. அதை நாமளே குடிச்சுப் பார்த்துக்கணுமாம்."

கயெத்தானுக்கு அன்றைக்கு மூக்கு வழியாக ஒயின் வந்தது. அவன் பழைய ஆள். வானிலைச் செய்தி கேட்பான், மருந்துக் கேன் திறப்பான், அடிப்பான், சாப்பிடப் போவான். அவன் தோட்டத்தில் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு புல் முளைத்தால் கூட தனக்கு வேலை தெரியாது என்று யாரோ திட்டியதாக எடுத்துக்கொள்வான்.

ஆனால் மரிவோனுக்கு இது விளையாட்டு இல்லை. வருஷக்கணக்காக அவள் திராட்சை கூட்டுறவு ஆலைக்குத்தான் போனது. அங்கே ஊரார் பழத்தோடு ஒரே தொட்டியில் கொட்டி, ஒரே ஒயினாக்கி, ஏதோ ஒரு கோட்டைப் படம் போட்டு விற்றார்கள். தன் மண்ணில் விளைந்ததைத் தன் பேர் போட்ட பாட்டிலில் அடைக்க வேண்டும் என்று அவள் கிளம்பியபோது, ஆலையில் இருந்தவர்கள் "ஒரு மழைக்குத் தாங்க மாட்டா" என்றார்கள். அவளுக்குக் 'கொம்புக்காரி' என்று பேரும் வைத்தார்கள். அந்த முத்திரை வந்தால் அந்த வாய்களெல்லாம் மூடும். மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அந்த அறுவடையோடு காத்திருப்பு முடிய வேண்டியது.

ஜூன் மாதத்தில் மரிவோனின் பித்தப்பை கெட்டது. அதற்கு நாள்காட்டி எல்லாம் தெரியாது போலிருக்கிறது. கொடிகள் பூவில் இருந்தன. அவளை ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அன்செல்மின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உத்தரவு போட்டாள்.

"மத்த துண்டுகளுக்கெல்லாம் போர்டோ கலவை அடி. அளவு மீறாதே, அதுல இருக்கற செம்புக்கும் கணக்கு கேப்பாங்க. கல்மதில் துண்டுக்கு மட்டும் செம்பு வேண்டாம். செந்தட்டியும் குதிரைவால் செடியும் போட்டுக் காய்ச்சின டீ மட்டும்தான். புரிஞ்சுதா?"

"முதல்ல நீ மூச்சு விடு மரி."

"புரிஞ்சுதான்னு கேட்டேன்."

புரிந்தது. கல்மதில் துண்டு அவளுடைய செல்லம். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கல்மதில் எழுப்பிய, வெயில் நன்றாக விழுகிற நிலம். அங்கே உள்ள ஷெனான் வகைத் திராட்சைக் கொடிகளில் இருந்துதான் அவளுடைய முதல் பாட்டில் வர வேண்டும். செம்புகூட இல்லாமல் வெறும் மூலிகைத் தண்ணீரில் அதைக் காப்பாற்றிக் காட்டுவது என்று அந்த வருஷம் வீம்பு பிடித்திருந்தாள்.

மழை பிடித்தது. சும்மா தூறல் இல்லை, அடைமழை. அன்செல்ம் காலையில் அடித்த செம்பை மாலை மழை கழுவிக்கொண்டு போனது. கல்மதில் துண்டுக்கு டீ காய்ச்சினான். வீடு முழுக்கப் பசுந்தீவன நாற்றம். முதுகில் தொட்டியை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாகத் தெளித்தான். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ இலைகளில் எண்ணெய் சிந்தினது மாதிரி மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. இலையைத் திருப்பினான். அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அடிச்சாம்பல் நோய். அந்த ஊர் மனிதர்கள் பேயைவிட அதிகமாக அதற்குத்தான் பயப்படுவார்கள்.

அந்த இலையைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"இலை எப்படி இருக்கு?" மரிவோனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆபரேஷனில் அறுத்த இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் ஏறியிருந்தது.

"பச்சையா இருக்கு."

"அடியில திருப்பிப் பார்த்தியா?"

"அடியிலயும் பச்சைதான்."

"அடுத்த டீ இப்ப வேண்டாம். நிலா சரியில்ல. நாலு நாள் போகட்டும்."

நாலு நாளில் அங்கே குச்சிதான் மிஞ்சும் என்று அன்செல்முக்குத் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கயெத்தானுக்கும் தெரியும். கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு கொடியைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"என்ன குடுத்தே இதுக்கு?"

"டீ."

"கூட பிஸ்கட்டும் வெச்சியா?"

"சும்மா இருடா."

"செம்பு அடிச்சாலும் இனிமே பிரயோஜனம் இல்ல. அது வெளியில நின்னு காவல் காக்கற சாமான். திருடன் உள்ள பூந்துட்டான். உள்ள எறங்கற மருந்துதான் வேணும். எங்கிட்ட ஒரு கேன்ல மிச்சம் இருக்கு. இந்தத் துண்டுக்குச் சரியா வரும்."

"அவ என்னைக் கொன்னுடுவா."

"கொல்றதுக்கு அவ நல்லபடியா எழுந்து வரணுமில்ல," என்றான் கயெத்தான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அன்செல்ம் அதைச் செய்தான். அந்த ஊரில் அந்த நேரத்தில் கொலையே விழுந்தாலும் சாட்சி கிடைக்காது, அத்தனை பேரும் மேசையில் இருப்பார்கள். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு கல்மதில் துண்டு முழுக்க, ஒரு கொடி விடாமல் அடித்தான். ஒவ்வொரு வரிசை முடிவிலும் திரும்பிக் கேட்டைப் பார்த்தான். பால் லாரியைப் பனியில் பள்ளத்துக்குள் இறக்கியபோதுகூட அவன் இவ்வளவு பயந்ததில்லை. முடிந்ததும் கேனை மூன்று முறை கழுவிக் கயெத்தானிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

மரிவோன் இளைத்துப்போய் வந்தாள். காரை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் போகவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே தோட்டத்துக்கு நடந்தாள். மற்ற துண்டுகளில் செம்பு அடித்தும் பாதி போயிருந்தது. பூங்கொத்துகள் பழுப்பு நிறத்தில் சுருண்டு தொங்கின. கல்மதில் துண்டுக்கு வந்தாள். இலைகளில் புள்ளிகள் எல்லாம் தீய்ந்துபோய்ச் சருகாக இருந்தன. பிஞ்சுகள் அத்தனையும் பச்சைப் பசேல் என்று நின்றன.

அவள் அப்படியே வரிசைக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"காய்ஞ்சிருச்சு அன்செல்ம்! நோய் வந்துட்டுக் காய்ஞ்சிருச்சு! செம்பு அடிச்சது போயிடுச்சு, டீ குடிச்சது நிக்குது பாரு!"

சொல்லிவிடலாம் என்று அன்செல்ம் வாயைத் திறந்தான். உண்மையிலேயே திறந்தான். அவள் அதற்குள் அவன் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் முத்தம் கொடுத்தாள். "நீ காய்ச்சின டீ!" என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டான். ஆண்பிள்ளைகள் பண்ணுகிற பெரிய பாவங்களில் பாதி, இப்படி ஒரு முத்தத்துக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டதால் வந்தவைதான்.

அதோடு நின்றிருந்தால் ஒரு வீட்டுக்குள் இருக்கிற பொய்யாகப் போயிருக்கும். ஆனால் அந்த வட்டாரத்தில் கொம்பு புதைக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அந்த வருஷம் அவர்களில் ஒருவர் விடாமல் இந்த நோயிடம் அடி வாங்கியிருந்தார்கள். செய்தி பரவியது. முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஒரு வேன் நிறைய வந்தார்கள். மரிவோன் அவர்களைக் கல்மதில் துண்டுக்கு அழைத்துப் போய், இலையைத் திருப்பிக் காட்டி, செடியின் உள்ளுறை பலம், நிலா, மண்ணின் மூச்சு என்று பேசினாள். நன்றாகவே பேசினாள். கூட்டுறவு ஆலையில் ஒரு வார்த்தை எடுக்கத் தயங்கிய பெண் இவள்தானா என்று இருந்தது. கன்னத்தில் நிறம் திரும்பியது. அன்செல்ம் பின்னால் ரொட்டியும் பன்றிக் கொழுப்பில் வெந்த இறைச்சியும் ஏந்திக்கொண்டு, தூக்குக்குப் போகிறவன் மாதிரி நடந்தான்.

அவனையும் விடவில்லை. டீ காய்ச்சிய கை அவனுடையதாயிற்றே. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் பேனாவோடு வந்து நின்றாள்.

"எவ்வளவு நேரம் கொதிக்க வெச்சீங்க மிசியே?"

"கொஞ்ச நேரம்."

"வேற ஏதாவது சேர்த்தீங்களா? மறைக்காதீங்க. முகத்துலயே தெரியுது, ஏதோ சேர்த்திருக்கீங்க."

"உப்பு," என்றான் அன்செல்ம் உளறலாக. "ஒரு சிட்டிகை."

"கல்லுப்பா, தூளா?"

"கல்லு."

அம்மாள் பயபக்தியோடு எழுதிக்கொண்டாள். ஒரு வாரத்தில் அந்த ஜில்லா முழுக்க டீயில் கல்லுப்பு போட்டார்கள்.

ஆகஸ்டில் சங்கத்தின் கோடைக் கூட்டம் மரிவோனின் முற்றத்தில் நடந்தது. நாள்காட்டிப்படி பழ நாள், ஒயின் ருசிக்க ஏற்ற நாள். நீள மேசை, வெள்ளை விரிப்பு, ஆட்டுப்பால் சீஸ், வறுத்த கோழி. மறு செவ்வாய்க்கிழமை முத்திரைக்கான பரிசோதகர் வருவதாக இருந்தது. அதைச் சொல்லி எல்லோரும் முன்கூட்டியே மரிவோனுக்குக் கோப்பையை உயர்த்தினார்கள். அப்போது கொரந்தென் எழுந்து நின்றான். தாடிகூடச் சரியாக முளைக்காத பையன். நகரத்து வேலையை விட்டுவிட்டு மனைவியோடு வந்து, சின்னதாக ஒரு தோட்டம் வாங்கியவன். இருப்பதே அதுதான். முதல் வருஷமே பாதி போயிருந்தது.

"நான் ரொம்பப் பேச மாட்டேன்," என்றான். "மரிவோன் மேடத்தோட தோட்டத்தைப் பார்த்ததுல இருந்து எங்களுக்குத் தூக்கம் வருது. அவ்வளவுதான். செம்பு அடிக்கற மிஷினை வித்துட்டேன், திங்கக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போறாங்க. அடுத்த வருஷம் டீ மட்டும்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். மரிவோனுக்குக் கண் கலங்கியது. அன்செல்ம் கோழித் தட்டை மேசையில் வைத்தான். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

"அது டீ இல்ல," என்றான்.

யாருக்கும் புரியவில்லை.

"டீயால காயலை. மருந்து. செடிக்குள்ள எறங்கற மருந்து, கயெத்தான் வெச்சிருந்தது. ஜூன் மாசம் அவ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான்தான் அடிச்சேன். அவளுக்குத் தெரியாது. டீ மட்டும் அடிச்சப்ப செத்துக்கிட்டுதான் இருந்துது."

ரொட்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு கோழி மேசைக்கடியில் வந்து கொத்தியது. கடைசியில் கண்ணாடி அம்மாள் மெல்லக் கேட்டாள்.

"அப்ப அந்தக் கல்லுப்பு?"

"அது நானா சொன்னது மேடம். மன்னிச்சுக்குங்க."

மரிவோன் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தி பாதி ரொட்டியில் நின்றிருந்தது. முகம் வெளுத்துவிட்டது. அன்செல்ம் அதைப் பார்க்க முடியாமல் தட்டில் இருந்த கோழியைப் பார்த்தான்.

"கல்மதில் துண்டு முழுக்கவா?" என்று கேட்டாள்.

"முழுக்க."

"மத்ததுல?"

"இல்ல. கேன் தீர்ந்துருச்சு."

அவள் தலையை ஆட்டினாள். கொரந்தென் பக்கம் திரும்பி, "மிஷினை விக்காதே. இப்பவே போன் பண்ணிச் சொல்லு," என்றாள். பிறகு ரொட்டியை முழுக்க அறுத்து முடித்தாள். "சாப்பிடுங்க. கோழி ஆறுது."

சாப்பிட்டார்கள். எப்படிச் சாப்பிட்டார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். காப்பிக்கு ஒருவரும் நிற்கவில்லை.

அன்று மாலை பாத்திரம் கழுவும்போது மரிவோன் பேசினாள். அன்செல்ம் சத்தத்தை எதிர்பார்த்தான், தட்டு பறக்கும் என்றுகூட எதிர்பார்த்தான். அவள் சத்தம் போடாமல் பேசியதுதான் அவனைக் கொன்றது.

"மருந்து அடிச்சதைக் கூட விடு. ரெண்டு மாசம் என்னைப் பேச விட்டே. வேன்ல வர்றவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போய் இலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். நீ பின்னாலயே தட்டைத் தூக்கிக்கிட்டு வந்தே."

"பயந்துட்டேன் மரி."

"எதுக்கு?"

"நீ அங்க மஞ்சளாப் படுத்துக் கெடந்தே. டாக்டர் முகம் குடுத்தே பேசலை. இங்க இது செத்துக்கிட்டு இருந்துது. ரெண்டும் ஒண்ணாப் போயிடுமோன்னு பயந்துட்டேன். உனக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. இதுக்கு என்ன பண்றதுன்னு கயெத்தானுக்குத் தெரிஞ்சுது."

மரிவோன் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "நீ கயெத்தான் கொட்டகையில போய் சிரிக்கறது எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சே?" என்றாள். "முதல் நாள்லயிருந்து தெரியும். சிரிக்கட்டும்னு விட்டேன். ஜூனுக்கு அப்புறம் நீ அங்க போகவே இல்ல. அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்." குழாயை மூடிவிட்டு மாடிக்குப் போனாள். அன்செல்ம் அன்றிலிருந்து வரவேற்பறைச் சோபாவில் படுத்தான், யாரும் சொல்லாமலே.

திங்கட்கிழமை சங்கத் தலைவர் போன் செய்தார். மண்ணின் தூய்மை பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய மனிதர். நடந்தது துரதிருஷ்டம்தான் என்றார். ஆனால் நாளைக்கு வருகிற பரிசோதகரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சங்கத்தின் பேரும் இருக்கிறதல்லவா, குடும்ப விஷயம் குடும்பத்தோடு இருக்கட்டும் என்றார். கயெத்தானும் சமையலறை ஜன்னலுக்கு வந்து அதையே வேறு பாஷையில் சொன்னான். தூய்மைக்காரரும் மருந்துக்காரனும் ஒரே கருத்துக்கு வந்த முதல் சந்தர்ப்பம் அது.

"இலையை எடுத்து டெஸ்ட் பண்ணினாக் கூட இத்தனை நாளுக்கு ஒண்ணும் தெரியாது," என்றான் கயெத்தான். "வாயை மூடிக்கிட்டு இருந்தா முத்திரை வந்துடும். அவகிட்ட சொல்லு."

"நான் எதைச் சொல்றது அவகிட்ட?" என்றான் அன்செல்ம். அவனுக்கும் ஆசைதான். அவள் இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொள்ளட்டும் என்று நெஞ்சார வேண்டிக்கொண்டான். தன் முட்டாள்தனத்தால் அவளுடைய மூன்று வருஷம் மண்ணோடு போவதைப் பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை.

பரிசோதகராக ஒருத்தி வந்தாள். சோலென் என்ற முப்பது வயதுப் பெண், ரப்பர் பூட்ஸ், கையில் கம்ப்யூட்டர் பலகை. நிலாவைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. செம்பு வாங்கிய பில் எங்கே, மூட்டையில் மிச்சம் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, பீப்பாய் கழுவுவது எதில் என்று வரிசையாகக் கேட்டாள். கொட்டகையில் ஒவ்வொரு அலமாரியையும் திறந்து மூக்கை நுழைத்தாள். கொம்புகளைப் பார்த்ததும், "இது அடுத்த முத்திரைக்காரங்க வந்து பார்ப்பாங்க. எனக்கு வேண்டாம்," என்று நகர்ந்துபோனாள். கணக்கெல்லாம் சரியாக இருந்தது. அவள் முகத்தில் வேலை சீக்கிரம் முடிந்த சந்தோஷம் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் மரிவோன். "வாங்க."

கல்மதில் துண்டுக்கு அழைத்துப் போனாள். அன்செல்ம் பின்னாலேயே போனான். திராட்சை நிறம் மாறத் தொடங்கியிருந்தது. குலைகள் பருத்து, கண்ணுக்குள் நிற்கிற மாதிரி தொங்கின. அவ்வளவு அழகான விளைச்சலை அந்த வருஷம் அந்தப் பெண் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டாள்.

"இந்தத் துண்டை எடுத்துடுங்க. இதுல ஊடுருவற மருந்து அடிச்சிருக்கு. ஜூன்ல."

சோலென் பலகையைத் தாழ்த்தினாள். மரிவோனைப் பார்த்தாள். அந்தப் பெண் மோசமானவள் இல்லை. வழி ஒன்று திறந்துவிட்டாள்.

"பக்கத்துத் தோட்டத்துல அடிச்சது காத்துல வந்து விழுந்துதா மேடம்? அப்படின்னா ஓரத்து வரிசைகளை மட்டும் தனியாப் பறிச்சா போதும்."

"காத்துதான்!" என்றது மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். கயெத்தான் எதன் மேலோ ஏறி நின்றிருக்க வேண்டும், தொப்பி மட்டும் தெரிந்தது. "என் பக்கத்துலயிருந்துதான் வந்துச்சு! அன்னைக்கு அப்படி ஒரு காத்து! நான் எழுதிக்கூடக் குடுக்கறேன்!"

சோலென் மதிலை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். மூன்று பக்கமும் பார்த்தாள். மரி, ஆமாம்னு சொல்லேன் என்று அன்செல்ம் மனசுக்குள் கெஞ்சினான்.

"காத்து இல்ல," என்றாள் மரிவோன். "இதோ நிக்குது."

சோலென் அன்செல்மைப் பார்த்தாள். "இவர் உங்க பண்ணையில வேலை பாக்கறவரா?"

"இல்ல. புருஷன்."

பலகையில் விரலை ஓட்டித் தேடினாள். "அதுக்குக் கட்டம் இல்லையே," என்றாள். கடைசியில் 'மற்றவை' என்ற இடத்தில் ஏதோ தட்டினாள். பிறகு விவரம் சொன்னாள். கல்மதில் துண்டுக்கு அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம். இந்த வருஷப் பழத்தை வேறு எதனோடும் கலக்கக் கூடாது, சாதாரணப் பழமாக விற்றுவிட வேண்டும். மற்ற துண்டுகளில் இலை எடுத்துப் பரிசோதிப்பார்கள், சுத்தமாக இருந்தால் அவற்றுக்கு இந்த அறுவடையிலேயே பச்சை இலை உண்டு. பயோடைனமிக் முத்திரை முழுப் பண்ணைக்கும்தான், துண்டு துண்டாகக் கிடையாது. அது தள்ளித்தான் போகும்.

அதாவது, நோயில் பாதி அழிந்து, சொறி பிடித்த இலையோடு நின்ற துண்டுகளுக்கு முத்திரை. கண்ணைப் பறிக்கிற இந்தக் குலைகளுக்குக் கூட்டுறவு ஆலைத் தொட்டி. இதைக் கேட்டு மதிலுக்கு மேலிருந்த தொப்பி சத்தமில்லாமல் இறங்கிப் போனது.

சோலென் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். போகும்போது கேட்டருகில் நின்று, "இதை யாரும் சொல்ல மாட்டாங்க மேடம்," என்றாள்.

"அது அவங்க பாடு," என்றாள் மரிவோன்.

கார் சத்தம் அடங்கும்வரை இருவரும் வரிசைக்கு நடுவே நின்றார்கள். அன்செல்மின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, அவன் துடைக்கவில்லை. ஆலைக்காரர்கள் தொட்டியில் இந்தப் பழத்தைக் கொட்டும்போது என்ன சொல்வார்கள் என்பது அவன் காதில் இப்போதே கேட்டது.

"மூணு வருஷம்," என்றான். "உன் மூணு வருஷத்தைத் தின்னுட்டேன்."

"ஆமா. தின்னுட்டே."

"என்ன பண்ணட்டும் சொல்லு."

"களை எடு. இந்தத் துண்டு முழுக்க, மூணு வருஷமும் நீதான் கையால எடுக்கணும். உனக்கும் இன்னைலருந்துதான் ஆரம்பம்."

"மூணு வருஷம் கழிச்சு என்னை நம்புவியா?"

"முத்திரை குடுத்தாலும் அவங்க விட்டுடறதில்ல அன்செல்ம். வருஷா வருஷம் வருவாங்க. சில சமயம் சொல்லாம கொள்ளாமயும் வருவாங்க." அவள் ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு மெல்ல விட்டாள். "வேற ஏதாவது மறைச்சு வெச்சிருக்கியா?"

இல்லை என்று சொல்வதற்குத்தான் அன்செல்ம் வாயெடுத்தான். சொல்லவில்லை. யோசித்தான். முப்பத்துச் சொச்சம் வருஷக் கல்யாணம், யோசிக்க நேரம் பிடித்தது.

"இருக்கு," என்றான்.

மரிவோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மதிலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"ஒண்ணொண்ணா சொல்லு," என்றாள். "நான் எங்கயும் போகப் போறதில்ல."